துவைக்காத சேலை

நீல விளக்கின் அடியில் பிள்ளை மஞ்சளாகக் கிடந்தான். பிறந்து ஒன்பது நாள்தான். உடம்பிலிருந்த ரத்தத்தை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இன்னும் முதுகை வில்லாக வளைத்துக் கீச்சிட்டான்.

"பிறந்தப்பவே எதெல்லாம் ஆகாதுன்னு கார்டு கொடுத்தாங்கல்ல?" என்றார் டாக்டர் உஷாராணி. "இவனுக்கு ஜி6பிடி குறைவு. ரத்த அணுவைக் காப்பாத்துற சத்து கம்மி. ஏதோ பட்டுத்தான் இவ்வளவு அணு உடைஞ்சிருக்கு. சீன மருந்து, பாச்சை உருண்டை, ஏதாவது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள் வாணி. "உருண்டையெல்லாம் இவர்தான் பொறுக்கி வீசினார். தாய்வழியா வர்ற குறைன்னு சொன்னீங்களே. அப்போ என்னாலதான்."

மூன்று நாளாக அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கணவன் முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் கார்டைப் பார்த்ததும் அவன் உருண்டைகளைத் தேடியது உண்மை. லோரி ஓட்டப் போகாமல் இரண்டு நாள் லீவு போட்டு, டார்ச் அடித்து, கட்டிலுக்கடியில் ஊர்ந்து தேடினான். "போலீஸ் ரெய்டா தம்பி?" என்று பக்கத்து வீட்டு இராஜம்மா சிரித்தாள். இறந்துபோன அம்மாவின் பெட்டியில் இருந்ததையும் எடுத்து எறிந்தான். பிறகு அந்தப் பெட்டிக்குள் ஆறு வருடம் கிடந்த அம்மாவின் சேலையை உதறி, ஸ்பிரிங் தொட்டிலில் கட்டினான். முதல் தொட்டிலுக்கு அப்பாவைப் பெற்றவளின் சேலை, அது அவர்கள் வீட்டு வழக்கம்.

இராஜம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னய்யா வாடை இது! கொசுகூடக் கிட்ட வராது லா."

"அது எங்கம்மா வாசம் ஆன்டி."

தீபாவளிக்குத் தீபாவளி அந்தப் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடுகிறவன் அவன்.

"சேலை," என்றான் இப்போது. "தொட்டில் சேலை, டாக்டர். உருண்டை போட்டு வச்சிருந்தது."

"துவைச்சீங்களா?"

"இல்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அதோட ஆவி துணியிலேயே தங்கியிருக்கும். ராப்பகலா அதைத்தான் சுவாசிச்சிருக்கான்."

வாணி மெல்லத் திரும்பினாள். "நான் துவைச்சுத் தரேன்னு கேட்டேன்ல?"

கேட்டாள். துவைத்தால் வாசம் போய்விடுமென்று இவன்தான் மறுத்தான்.

"பிழைச்சிடுவானா டாக்டர்?" என்றான்.

"உயிருக்கு இனி பயமில்ல. ஆனா மஞ்சள் மூளைக்கு ஏறிடுச்சு. காது கேட்கிறது சந்தேகம். கழுத்து நிக்கிறது, நடக்கிறது… எதையும் நம்பி இருக்காதீங்க."

வாணி அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை.

மாற்றுத்துணி எடுக்க மதியம் வீட்டுக்கு வந்தான். ஜன்னல் காற்றில் வெறும் தொட்டில் மேலும் கீழும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்துச் சேலையை முகத்தில் வைத்தான். அம்மாவின் வியர்வையை, அவள் பூசும் பவுடரை, எதையாவது பிரித்தெடுக்க மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். பாச்சை உருண்டை வாடை மட்டும்தான் இருந்தது. ஆறு வருடமாக இருந்ததும் அது மட்டும்தான்.