உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த வெஸ்ட்

தம்பி கடைக்குள் நுழைந்ததுமே அவளுக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. பேச்சு வார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. தெருவில் எதிரே வந்தால்கூட, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறவன். அப்பேர்ப்பட்டவன் வாயெல்லாம் பல்லாக வந்து நிற்கிறான் என்றால் சும்மா இருக்குமா?

"வெஸ்ட் ஒண்ணு தைக்கணும்க்கா."

"ஊர்ல வேற கடை இல்லையா?"

"இருக்கு. உன் கைநேர்த்தி வராதே."

"ஐஸ் வைக்காதே. என்ன வேணும்னு சொல்லிட்டுக் கிளம்பு."

பெயிண்ட் குண்டால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுகிற பெயிண்ட்பால் மைதானத்துக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறைதான் அவள் கடை. இரண்டு தையல் மெஷின், சுவரெல்லாம் வார்கள், டப்பா டப்பாவாகக் கிளிப்புகள். அந்த மைதானத்தில் ஆடுகிற அத்தனை பேரும் அவள் தைத்த வெஸ்ட்டைத்தான் சட்டைக்குமேல் போட்டுக்கொண்டார்கள். குண்டுப் பை எங்கே இருந்தால் யாருக்குக் கை எட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எதற்கு ஆட்டம் என்பதும் தெரியும். அவள் புருஷன் பஸ் டிரைவர். கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கேப்டன். வாரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவர் சொல்லி நாலு பேர் கேட்டார்கள். அதைத் தட்டிப் பறிக்கத்தான் இந்தத் தம்பி இத்தனை நாளாக ஒவ்வொருவர் காதாக ஓதிக்கொண்டு இருந்தான். மாமாவுக்கு வயசாயிடுச்சு, முட்டி போயிடுச்சு, இளரத்தம் வேணும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கிளப் கடைசியில், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஆடுங்கள், ஜெயிக்கிறவர் கேப்டன் என்று சொல்லிவிட்டது.

"குனிஞ்சு நில்லு. துப்பாக்கி பிடிக்கிற மாதிரி கையை நீட்டு," என்றாள். நிமிர்ந்து நிற்கும்போது அளவெடுத்தால் குனிகிறபோது முதுகு இழுக்கும்.

அவன் குனிந்தான். குனிந்தபடியே அதிகாரம் பண்ணினான். "குண்டுப் பை நெஞ்சுல வேணும்."

"நீ குப்புறப் படுத்து ஆடறவன். நெஞ்சுல வெச்சா குத்தும். இடுப்புல வை."

"சரி, இடுப்புல. ஆனா பட்டை ஒட்டற மாதிரி வை. கிளிப் வேணாம்."

"ஒட்டற பட்டையைப் பிரிச்சா சர்ருன்னு சத்தம் கேக்கும். எங்க ஒளிஞ்சிருக்கேன்னு நீயே தண்டோரா போட்ட மாதிரி."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதே. அப்போ கிளிப்பே வை."

முதுகுக்கு வலைத்துணி, முகமூடி துடைக்கிற துணிக்கு ஒரு வளையம், கறுப்பு நிறம். எல்லாவற்றையும் துண்டுத் துணியில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டாள். அப்புறம் அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"உள்ள ஸ்பாஞ்ச் வை."

"அடி வலிக்காம இருக்கவா? மெல்லிசா ஒரு அடுக்கு போதும்."

"மெல்லிசு இல்ல. மெத்தை மாதிரி. முன்னாடியும் பின்னாடியும். வெளிய தெரியக் கூடாது."

அவளுக்குப் பொறி தட்டியது. அந்த மைதானத்தில் கை காலில் பட்டால் கணக்கில்லை. மார்பிலோ முதுகிலோ குண்டு பட்டு உடைந்து பெயிண்ட் ஒட்டினால்தான் அவுட். மெத்தென்று இருக்கிற இடத்தில் பட்டால் குண்டு உடையாமல் எகிறிப் போய்விடும். ஆக, இவன் அவுட்டே ஆக மாட்டான்.

சின்ன வயதிலும் இதே அழுகுணி ஆட்டம்தான். கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவே இல்லை என்று சாதிப்பான். தொட்டால் தொடவில்லை என்பான். அம்மா ஓடிவந்து, சின்னப் பையன்டி விட்டுக்குடு என்று அவளைத்தான் அதட்டுவாள்.

"வெளிய போடா," என்றாள்.

அவன் போகவில்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்து மேஜைமேல் போட்டான்.

"தச்சுக் குடுத்தா உன் கை தேஞ்சா போயிடும்?" என்றாள் அம்மா. எல்லாம் ஏற்கெனவே பேசி வைத்தது. "அவன் இன்சூரன்ஸ் பிடிக்கறவன். நாலு பேர் மதிச்சாத்தான் தொழில். உன் புருஷன் கேப்டனா இருந்து என்னத்தைச் சாதிச்சார்? அவன் வாயைத் திறந்து இதுவரைக்கும் எதையாவது கேட்டிருக்கானா?"

"பொறந்ததிலேர்ந்து கேட்டுக்கிட்டேதாம்மா இருக்கான்."

"முடியாதுன்னா சொல்லிடு. எனக்குப் பொண்ணே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன்."

அவள் போனை அணைத்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அந்த யோசனை வந்தது. அவுட் ஆனவனை யாரும் அதற்குமேல் சுட மாட்டார்கள். அவுட் ஆகாதவனை? எதிரணிக்காரன் ஒவ்வொருத்தனும் சுட்டுக்கொண்டேதான் இருப்பான். கையில், தொடையில், விலா ஓரத்தில் சுள் சுள்ளென்று விழும். நிறுத்த ஒரே வழி, அவனே கையைத் தூக்கி நான் அவுட் என்று சொல்வது. பிறந்ததிலிருந்து சொல்லாத அந்த வார்த்தையை அவன் ஊர் பார்க்கச் சொல்ல வேண்டும். அதை அவள் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே நின்று கண் குளிரப் பார்க்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோ," என்றாள்.

புருஷனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அந்த மனுஷன் நேரே நடுவரிடம் போய் நிற்பார். தம்பிக்கு ஓர் எச்சரிக்கையும் நாலு சிரிப்பும்தான் மிஞ்சும். அது அவளுக்குப் போதாது.

சாப்பிடும்போது அவரே கேட்டார். "உன் தம்பி வெஸ்ட்டுக்கு வந்தானாமே?"

"வந்தான்."

"நல்லா தச்சுக் குடு. சண்டையைத் தொழில்ல காட்டாதே."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் எல்லோருடைய வெஸ்ட்டையும் தடவிப் பார்த்தார். தம்பியுடையதைத் தொட்டதும் கை ஒரு கணம் நின்றது. "புதுசா?" என்றவர் வலைக்கு வெளியே நின்ற அவளைப் பார்த்தார். அவள் தைத்தது என்று தெரிந்ததும் மேற்கொண்டு பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

அவள் கணக்குப் போட்ட மாதிரியேதான் எல்லாம் நடந்தது. தம்பி பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பெயிண்ட்டோடு வெளியே வந்தார்கள். கடைசியில் அவன் ஒருத்தன்தான். இரும்பு டிரம்முக்குப் பின்னாலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். குண்டுகள் தொப் தொப்பென்று மார்பில் பட்டு எகிறின. எதிரே நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் இன்னும் வேகமாகச் சுட்டார்கள். முழங்கையில் ஒன்று, தொடையில் ஒன்று, மறுபடி அதே முழங்கையில் ஒன்று. அவன் துள்ளினான், முகத்தை மூடினான், மண்டி போட்டு அப்படியே தரையில் சரிந்தான்.

"தூக்குடா கையை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "சொல்லித் தொலைடா."

அவன் கையைத் தூக்கவில்லை. தூக்கியது அவள் புருஷன்.

"நிறுத்துங்க. போதும்," என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, அந்தக் கெட்டுப்போன முட்டியோடு விந்தி விந்தி மைத்துனன் பக்கம் போனார். "என்னப்பா, அடி பலமா?"

தரையில் கிடந்தபடியே தம்பி அவர் மார்பில் சுட்டான். மஞ்சள் பெயிண்ட் சிதறியது. கேப்டன் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. நடுவர் விசில் ஊதினார்.

பாவி மகள், தம்பியைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். கூடவே குடித்தனம் நடத்துகிற மனுஷன் கீழே கிடக்கிறவனைச் சுட மாட்டார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தம்பி பக்கத்து ஆட்கள் அவனைத் தோளில் தூக்கப் போனார்கள். அவள் வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நடுவர் மேஜைமேல் முதலுதவிப் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள், அவன் வெஸ்ட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள், தோளிலிருந்து இடுப்புவரை ஒரே வெட்டு. ஸ்பாஞ்ச் பிதுங்கி வெளியே வந்தது.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் முந்திக்கொண்டான். "என்னை ஏன் பாக்கறீங்க? நானா தச்சேன்? இவதான் தச்சா."

"அப்படியாம்மா?" என்றார் நடுவர்.

"ஆமாங்க. தெரிஞ்சேதான் தச்சேன். இவன் வாயால அவுட்னு சொல்ல வைக்கணும்னு தச்சேன்."

நடுவர் தலையைச் சொறிந்தார். ஆட்டம் செல்லாது, தம்பிக்கு இனி கிளப்பில் இடமில்லை, பழைய கேப்டனே கேப்டன் என்றார். தம்பி கிழிந்த வெஸ்ட்டை அவள் காலடியில் வீசிவிட்டு, "அம்மா கிட்ட நீயே சொல்லிக்கோ," என்று போனான். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தன் வெஸ்ட்டின் கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி நடுவர் மேஜைமேல் வைத்தார்.

"இதுவும் அவ தச்சதுதான். வெட்டிப் பாருங்க."

"உங்களை யாருங்க சந்தேகப்படப் போறா?"

"பாருங்க."

பின்னால் நின்ற ஒருவன் தன்னுடையதைக் கழற்றி அதன்மேல் போட்டான். இன்னொருவன் போட்டான். எதிரணிக்காரர்களும் வந்து போட்டார்கள். அவள் தைத்த வெஸ்ட்டெல்லாம் அவள் முன்னால் குவிந்தன.

"என்னங்க," என்றாள். "உங்களுதுல ஒண்ணும் வைக்கலைங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"நேத்து வரைக்கும் தெரியும்," என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

கத்தரிக்கோல் அவள் கையில்தான் இருந்தது. மேலே கிடந்தவற்றை ஒதுக்கி, அடியில் இருந்த அவருடைய வெஸ்ட்டை இழுத்தாள். காயாத மஞ்சள் பெயிண்ட் விரல்களில் ஒட்டியது. தையல் ஓரத்தில் முனையை வைத்து வெட்ட ஆரம்பித்தாள்.