இரண்டு அடுப்புக்கு ஒரு மெஷின்

பாத்திரம் கழுவும் மெஷின் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே பாத்திரங்கள் பாதி ஈரமும் பாதி பிசுக்குமாகக் கிடந்தன. முகப்பில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. தரையில் கையகலத்துக்குத் தண்ணீர். மீனு பழைய துண்டு ஒன்றைப் போட்டுக் காலாலேயே துடைத்தாள். அலுப்பில் குனிய முடியவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் கணவன் வெங்கட்ராமனுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு மூணாவது தடவையா ஆள் வர்றான்ல? அவன் பாத்தும் சரியாகலைன்னா திருப்பிக் கொடுத்துருவோம். நீயும் ரொம்ப அலையாத மீனு. வேலையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்ற அந்தச் சொல்லை அவள் மகள் சுபா பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேதியியல் படித்தவள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, காரைக்குடியில் தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் அரை நாள் வேலை கிடைத்தது. இப்போது முழு நாளாக்கித் தருகிறோம், முடியுமா முடியாதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறது.

கொத்தமங்கலத்தில் பாத்திரம் தேய்க்க ஆள் கிடைப்பதில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பொன்னுத்தாயி கானாடுகாத்தான் ஹோட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே சேலை கொடுக்கிறார்கள், மதியச் சாப்பாடு, கூட்டிப்போக வேன். யார்தான் போகமாட்டார்கள்? அதற்குப் பிறகுதான் மெஷின் வந்தது. மெஷின் ஓடினால் மீனு வேலைக்குப் போகலாம். ஓடாவிட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சமைத்து, சுபாவை எழுதவைத்து, அதற்கப்புறம் தண்ணீர் புழங்கும் அங்கணத்தில் குவிந்த பாத்திரங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். அதை அவள் சில வாரம் செய்து பார்த்தாகிவிட்டது. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம் மெக்கானிக் கோபிநாத் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலைமுடி நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கேட்காமலே நேராக அடுப்படிக்குப் போனான். வீடு அவனுக்குப் பழகிவிட்டது.

"அக்கா, முதல் தடவை வந்து அடிச் சல்லடையைச் சுத்தம் பண்ணினேன். ரெண்டாவது தடவை கதவு ரப்பரை மாத்தினேன். இன்னைக்கும் சரியாகலைன்னா, மெஷினைத் தூக்கிட்டு வந்துருன்னு ஆபீசுல சொல்லிட்டாக."

"தூக்கிட்டுப் போறதுக்கா வந்தீக?"

"எனக்கென்ன ஆசையா அக்கா? இதை ரெண்டு பேரா தூக்கணும். நான் ஒத்தை ஆளா வந்திருக்கேன்."

சல்லடையைக் கழற்றினான். ஒரு கறிவேப்பிலைக் காம்பும் கொஞ்சம் கடுகும் தவிர ஒன்றும் இல்லை. தண்ணீர் பீய்ச்சும் கைகளைக் கழற்றி, அவற்றின் துளைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திப் பார்த்தான். கழிவுக் குழாய் எங்கும் மடங்கியிருக்கவில்லை. பிறகு தரையில் படுத்து, முன்பக்கத்தின் கீழ்த்தகட்டை எடுத்துவிட்டு டார்ச் அடித்தான்.

"அடித்தட்டுல தண்ணி நிக்கிது பாருங்க. இந்த மிதவை மேல வந்துச்சுன்னா, எங்கயோ ஒழுகுதுன்னு நெனச்சு மெஷின் தானா நின்னுரும். ஆனா எங்கேருந்து ஒழுகுது? எல்லாக் குழாயும் காஞ்சு கெடக்கு."

தண்ணீரை ஒற்றியெடுத்துவிட்டு வெறும் மெஷினை ஓடவிட்டான். அது சமர்த்தாக ஓடியது.

"பாருங்க, ஓடுது."

"காலியா எப்பவும் ஓடும். பாத்திரம் போட்டாத்தான் நிக்கும். காலையில சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவாம வச்சிருக்கேன், அதைப் போட்டு ஓட்டுங்க."

இட்லித் தட்டு, சட்னிக் கிண்ணம், காப்பி டம்ளர்கள் எல்லாம் உள்ளே போயின. அரை மணி நேர ஓட்டத்தில் வைத்தான். இருவரும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். மீனுவுக்குக் கண் சொக்கியது. மெஷின் முழுதாக ஓடி முடித்து மணியடித்தபோது திடுக்கிட்டு விழித்தாள். கதவைத் திறந்தால் ஆவி வந்தது. பாத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கோபிநாத் தலையைச் சொறிந்தான். "எனக்கு முன்னாடி நல்ல பிள்ளையா நடிக்குது அக்கா."

அப்போதுதான் முற்றத்தைத் தாண்டி அயித்தை, மீனுவின் மாமியார், வந்தாள், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு.

அந்த வீட்டில் அடுப்பு இரண்டு. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மகனையும் மருமகளையும் வேறு வைத்தாயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. அந்த ஊர்ச் செட்டியார் வீடுகளில் அப்படித்தான். வாசல் ஒன்று, முற்றம் ஒன்று. முற்றத்துக்கு அந்தப் பக்கம் மாமியார் அகிலாண்டேஸ்வரியின் அடுப்படி, இந்தப் பக்கம் மீனுவினுடையது. அரிசி வேறு, பருப்பு வேறு, பாத்திரத்தில் வெட்டிய பெயரும் வேறு. குழம்போ கூட்டோ கிண்ணத்தில் முற்றத்தைக் கடக்கும். கிண்ணம் கழுவித் திரும்பி வரும்.

மெஷின் வந்த அன்று, "நீங்களும் எதுக்குக் கஷ்டப்படுறீக அயித்தை, உங்க பாத்திரத்தையும் இதுலயே போட்டுருவோம்" என்று மீனுதான் சொன்னாள். அன்றிலிருந்து பொழுது சாயும்போது கூடை வந்து மேடையில் உட்கார்ந்திருக்கும். சுபாவின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே மீனு அதையும் பார்க்காமலே எடுத்து அடுக்கிவிடுவாள்.

"ஓடுதா தம்பி?" என்றாள் அயித்தை. "இதையும் போட்டுப் பாரு. மதியத்துப் பாத்திரம்."

கோபிநாத் அடுக்கி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினான். பையை எடுத்துவைக்கத் தொடங்கினான். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான். கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. மெல்ல வழிந்து தரைக்கு வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கதவைத் திறந்தான். மேல் தட்டுவரை நுரை. பாத்திரமே தெரியவில்லை.

"ஆச்சி," என்றான் கோபிநாத், "சோப்புப் போட்டீகளா?"

அயித்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சோப்புப் போடாம எப்படிப்பா தேய்க்கிறது?"

"தேய்ச்ச பாத்திரத்தை என்னத்துக்கு ஆச்சி மெஷினுக்கு அனுப்புறீக? குளிச்சுட்டு வந்தவுகளைப் பிடிச்சு மறுபடி குளிப்பாட்டுற மாதிரியில்ல இருக்கு. இதுக்குன்னு இருக்குற பவுடர் நுரைக்காது. கையால தேய்க்கிற சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாப் போதும், நுரை தள்ளி அடித்தட்டுக்கு எறங்கிரும்."

"நுரையா? இந்தப் போர்த் தண்ணியில எங்கப்பா நுரை வருது? கட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது. நுரை வரலையேன்னு கூடக் கொஞ்சம் போடுவேன்."

மீனு சுவரில் சாய்ந்துகொண்டாள். எல்லாம் விளங்கிவிட்டது. கடினமான போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதனால்தான் அயித்தை இன்னும் போடுகிறாள், போட்ட சோப்பும் அலசினால் சரியாகப் போவதில்லை. மெஷினோ உள்ளே வரும் தண்ணீரை முதலில் மென்மையாக்கிவிடுகிறது. அதற்குத்தான் அதில் தனியாக உப்புக் கொட்டுகிறோம். குழாயடியில் வராத நுரையெல்லாம் இங்கே வந்து பொங்குகிறது. அயித்தை விரதம் இருந்து அடுப்பு மூட்டாத நாட்களில் மெஷின் ஒழுங்காக ஓடியது. மின்சாரம் சீராக இருந்தது போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டாள் மீனு. லேபில் நாள் முழுக்க ஊரார் தண்ணீரைத்தான் பரிசோதிக்கிறாள். தன் வீட்டு அடுப்படியில் யோசிக்கத் தெம்பு இருந்ததில்லை.

"இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது. "வேணும்னே செஞ்சீகளா?"

"வேணும்னுதான் செஞ்சேன்," என்றாள் அயித்தை. "நீ போடுங்க போடுங்கன்னு வருந்திக் கூப்பிட்ட. மாட்டேன்னு சொன்னா ஒன் மூஞ்சி வாடிரும். எச்சிப் பாத்திரமா அனுப்புனா என் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? வேறு வச்ச நாள்லேருந்து என் கரண்டி ஒண்ணு அழுக்கா இந்த முற்றத்தைத் தாண்டியிருக்கா? நீயே சொல்லு."

"மெஷின்தானே அயித்தை கழுவுது, நானா கழுவுறேன்?"

"மெஷின் யார் அடுப்படியில இருக்கு?"

கோபிநாத் ஏற்கெனவே பார்த்த குழாயையே மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அனுப்பாதீக," என்றாள் மீனு. "உங்களுது நீங்களே கழுவிக்கங்க."

சொன்ன பிறகுதான் அயித்தையின் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகத்தோரம் வெடித்திருந்தது.

அயித்தை கோபப்படவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முடியலை ஆத்தா. அதான் நெசம். நின்னா முழங்கால் வலிக்குது, கையெல்லாம் எரியுது. பொன்னுத்தாயி போனதுலேருந்து முடியலை. ஆனா அழுக்கா அனுப்ப மாட்டேன். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

மெஷினுக்குள் நுரை சின்னச் சின்னதாக வெடித்து அடங்கிக்கொண்டிருந்தது. மீனுவுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. வெறும் தண்ணீரில் அலசி அனுப்புங்கள் என்று கேட்கலாம். அயித்தை சரி என்பாள், ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சோப்பைத் தொடுவாள். அது நிச்சயம்.

அயித்தைதான் பேசினாள்.

"ஒண்ணு செய்வோம். இதை அங்குட்டு என் அடுப்படிக்கு மாத்திரு. ஒன் பாத்திரத்தை நீ அனுப்பு."

"என் எச்சிப் பாத்திரத்தையா?" மீனுவின் வாயிலிருந்து அது தன்னால் வந்தது. முகம் சுட்டது. சற்று முன்பு அயித்தையின் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் சலித்துக்கொண்டவள் அவள்தான்.

"ஆமா, அனுப்பு. பெரியவ வீட்டுக்குத்தானே வருது? நான் ஒனக்கு ஆக்கிப் போட்டதில்லையா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா அயித்தை?"

"ஒண்ணுதான். நான் சொன்னா ஒண்ணுதான். நீ லேபுக்குப் போறியா, இங்க நின்னு நியாயம் பேசுறியா?"

மீனு கோபிநாத்தைப் பார்த்தாள்.

"அங்குட்டுப் பெரிய பிளக் இருக்கா ஆச்சி?"

"கிரைண்டருக்குப் போட்டது இருக்கு. அங்கணத்துல குழாய் இருக்கு. தண்ணி போறதுக்கு அங்கணமே இருக்கு."

"ஆபீசுல யாரும் கேட்டா, நான் மாத்தலைன்னு சொல்லிருங்க," என்றான் அவன். "கீழச்சிவல்பட்டியில ஒரு பிரிட்ஜ் காத்துக்கிட்டு இருக்கு. சீக்கிரம் பிடிங்க."

சாக்கை விரித்து, மெஷினை அதன்மேல் சாய்த்து ஏற்றி, முற்றத்துத் தரையில் இழுத்தார்கள். நிலைப்படியில்தான் சிக்கியது. அந்த வீட்டு நிலைப்படிகள் முழங்கால் உயரம். மூன்று பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். "இதைக் கட்டுனவுக காலைத் தூக்கிக்கிட்டேதான் நடந்தாகளா ஆச்சி?" என்று கோபிநாத் முனகினான். அயித்தை சிரிக்கப்போய்ப் பிடியை விட்டாள். மெஷின் மீனுவின் கால் பெருவிரலுக்கு அருகே இறங்கியது.

குழாய்களை மாட்டி, நுரை முழுக்கப் போகும்வரை வெறும் தண்ணீரில் ஓட்டினான். பிறகு, புளிக்குழம்பு ஒட்டிய சட்டியும் சோற்றுப் பானையும் அயித்தை வேண்டுமென்றே கழுவாமல் நீட்ட, அவற்றைப் போட்டு ஓட்டினான். அது நிற்காமல் ஓடி முடித்தது. அயித்தை சட்டியை வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்து, விரலால் தேய்த்துப் பார்த்து, "பரவாயில்லை" என்றாள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று மீனு காட்டினாள். "எல்லாத்தையும் சொல்லாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு, அதை அமுக்குறேன்," என்றாள் அயித்தை.

கோபிநாத் போன பிறகு, மீனு லேபுக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை காலையிலிருந்தே வந்துவிடுகிறேன் என்றாள். அவர்கள் நல்லது என்றார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். நின்று நின்று வந்த கால் வலிதான் தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூடையை எடுத்து நிரப்பினாள். சுபாவின் சாப்பாட்டு டப்பா, தட்டுகள், தோசைக்கரண்டி. இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டினாள். அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் வேகமாக நடந்தாள்.

அயித்தை கூடையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அடிவரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

"பால் சட்டி எங்க?"

"எந்தச் சட்டி?"

"நீ போன்ல பேசிக்கிட்டு இருக்கையில பால் கருகுன வாடை இங்க வரைக்கும் வந்துச்சே, அந்தச் சட்டி."

"அது... ஊறுது அயித்தை. அடி பிடிச்சுப்போச்சு. நானே பாத்துக்குறேன்."

"ஊறட்டும். இங்க வந்து ஊறட்டும். போய் எடுத்துட்டு வா."

மீனு திரும்பி நடந்தாள். தன் அடுப்படியில், அங்கணத்து மூலையில் சட்டி கிடந்தது. அடி முழுக்கக் கறுப்பு. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அதை மூட ஒரு தட்டைத் தேடினாள். கைக்கு அகப்பட்ட தட்டுச் சின்னதாக இருந்தது. இன்னொன்றைத் தேடத் தெம்பில்லை. மூடாமலே எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.