நூலில் எடுத்த அளவு

பள்ளி நிறைவு விழாவுக்கான கறுப்பு அங்கிகளைப் பெரிய மாஸ்டர் கடையைத் தவிர வேறு யாரும் தைத்ததில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மேடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் தோள்களைப் பார்த்தாலே யார் கை பட்ட துணி என்று ஊருக்குத் தெரியும். இந்த வருடம் தன் மகளே அந்த மேடையில் ஏறப்போகிறாள் என்பதால், அவளுடைய அங்கியை மாஸ்டர் தானே வெட்டித் தானே தைத்து, கடை முகப்பிலிருந்த கண்ணாடி அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைத்திருந்தார்.

அவள் கணக்கில் தேறாதது மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்த சங்கதி.

ஒரு பிற்பகல், பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நடக்கும் உதவி வகுப்பின் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். பெஞ்சில் வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் சட்டென்று ஒரு துணிக்கட்டைப் பிரித்து மேஜையில் விரித்தார். துணி பார்க்க வந்தவர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

"கணக்குல தேறலைன்னா நிறைவுச் சான்றிதழ் கிடையாது மாஸ்டர்," என்றார் டீச்சர், தாழ்ந்த குரலில். "ஆனா இந்தப் பருவம் முழுக்க உதவி வகுப்புக்கு வந்தா, அவளுக்குன்னு தனியா வாய்மொழிப் பரீட்சை வைப்போம். அதுல தேறிடுவா. அவளுக்கு எண்ணெல்லாம் இடம் மாறித் தெரியுது. முப்பத்தஞ்சை அம்பத்து மூணுன்னு படிக்கிறா. புத்தியில ஒரு குறையும் இல்லை. இப்படி நிறைய பிள்ளைங்க இருக்காங்க."

"எங்க வீட்டுல இல்லை."

"நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"இந்தத் துணி சாயம் போகாது," என்றார் மாஸ்டர் உரக்க. பிறகு மெதுவாக, "யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

யோசிக்க அவருக்கு ஒன்றுமில்லை. அந்த வகுப்பு நடக்கும் அறை, பள்ளியின் முன்வாசலை ஒட்டியது. வருகிறவர் போகிறவரெல்லாம் எட்டிப்பார்ப்பார்கள். அது போதாதென்று, சான்றிதழிலும் 'உதவியுடன் தேறியவள்' என்று அச்சடித்துக் கொடுப்பார்கள் என்பது அவருடைய முடிவு. அப்படித்தானா என்று டீச்சரிடம் அவர் கேட்கவில்லை. கேட்டால் பாதி சம்மதித்ததாக ஆகிவிடும்.

"போய்ட்டு வரட்டுமேண்ணே," என்றார் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி. "நான் எட்டாவதுல தேறாம திரும்பத் திரும்ப உட்கார்ந்ததுக்கு, அந்தப் பெஞ்சு இன்னும் என்னைத் தேடும். அதனால நம்ம குடி முழுகியா போச்சு?"

"உன்னால போன மானமே போதும். வேலையைப் பாரு."

மகள் அப்போது ஒரு பெண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். இன்ச் டேப் அவளுடைய கழுத்தில் சும்மா தொங்கியது. ஒரு நூலைத் தோளிலிருந்து பிடித்து ஒரு முடிச்சு, கை நீளத்துக்கு ஒரு முடிச்சு. அந்த நூலை அப்படியே துணிமேல் வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போடுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுடைய பழக்கம் அது. தைத்த துணி ஒருநாளும் பிசகியதில்லை. "என் பொண்ணுக்கு டேப்பே வேண்டாம்," என்று மாஸ்டர் பார்க்கிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். இப்படிப்பட்ட கைக்காரிக்கா குறை என்று இப்போதும் அவர் மனம் முறுக்கிக்கொண்டது. அவள் ஏன் டேப்பைத் தொடுவதில்லை என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

கடை அடைத்தபின் அவளே வந்து நின்றாள்.

"அப்பா, நான் அந்த வகுப்புல உட்கார்றேன்ப்பா. எனக்கு வெட்கமில்லை."

"எனக்கு இருக்கு," என்றார் மாஸ்டர்.

பேச்சு அதோடு முடிந்தது. அவள் எல்லாரோடும் பொதுப் பரீட்சையே எழுதினாள். தேறவில்லை.

முடிவு வந்த அன்றும் மாஸ்டர் அலமாரியிலிருந்த அங்கியை எடுக்கவில்லை. எடுத்தால் ஊர் கேட்கும்.

விழாவுக்கு முந்தின நாள் ரொட்டிக்கடைக்காரர் மனைவி தன் மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "மாஸ்டர், இவ தேறுவாளோ மாட்டாளோன்னு அங்கிக்குச் சொல்லாமலே விட்டுட்டேன். இவளும் உதவி வகுப்புதானே! இப்பத்தான் வாய்மொழிப் பரீட்சையில தேறிட்டான்னு சொன்னாங்க. எப்படியாவது ஒண்ணு தைச்சுக் குடுங்க."

மாஸ்டர் கத்தரியை மேஜையில் வைத்தார். "சான்றிதழ்ல... உதவி வகுப்புன்னு போடுவாங்களே?"

"எங்க போடுறாங்க? எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்தான். நான் முதல்லயே கேட்டுட்டுத்தானே சேர்த்தேன்!"

தம்பியின் மெஷின் நின்றது. மாஸ்டர் யாரையும் பார்க்காமல், "கறுப்புத் துணி தீர்ந்துபோச்சும்மா," என்றார்.

மகள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். தன் அங்கியை ஹேங்கரிலிருந்து உருவி அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டாள். தோள் சரியாக இருந்தது. நீளம்தான் அதிகம். குனிந்து நூலை எடுத்தாள்.

"டேப்ல எடு," என்றார் மாஸ்டர். கடை ஆட்கள் முன்னால் வழக்கமாக இருக்கும் அதட்டல் அந்தக் குரலில் இல்லை. "எவ்வளவு குறைக்கணும், பார்த்துச் சொல்லு."

அவள் டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு இந்த எண்ணைப் படிக்கத் தெரியலப்பா," என்றாள், எல்லார் முன்னாலும். "என்னைக்குமே தெரியாது."

பிறகு டேப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, நூலில் முடிச்சுப் போட்டு, விளிம்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் தான் போட்ட தையல் ஒவ்வொன்றாக அறுபடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனபின், "அடுத்த பருவத்துக்கு அந்த டீச்சரை நானே போய்ப் பார்க்கிறேன்," என்றார்.

"வேண்டாம்ப்பா. கூடப் படிச்சவங்க எல்லாரும் போயிட்டாங்க. நான் கடையிலயே இருந்துக்கிறேன்."

மறுநாள் விழாவுக்குப் போகும் வழியில் ஒருவர் வெறும் ஹேங்கரைப் பார்த்து நின்றார். "என்ன மாஸ்டர், பொண்ணு அங்கியைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாளா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஊருக்குச் சொல்ல அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

"அதை வித்தாச்சுங்க," என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. அவளுடைய மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.