சட்டைப்பையில் இருந்த ப்யூஸ்

எலக்ட்ரீஷியனுக்குக் கோபம் மூக்கு நுனியில். பத்து வயது மகள் மதிப்பெண் அட்டையில் அவனுடைய கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டாள் என்று தெரிந்ததும் அவன் அடிக்கவில்லை. அடிக்காததில் அவனுக்கு ஒரு பெருமை வேறு. நேராகப் போய், அவள் அறைக்கான ப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"ஒரு வாரம் லைட்டும் கிடையாது, ஃபேனும் கிடையாது. பொய் சொன்னா இப்படித்தான்."

"புள்ளைய வளக்குறீங்களா, ஜெயில் நடத்துறீங்களா?" என்றாள் மனைவி.

"நீ செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்கினா நான்தானே கண்டிக்கணும்?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

கழற்றியவனே மாட்ட வேண்டும் என்பது அவன் தொழிலில் சட்டம். ப்யூஸ் தன் பையில் இருந்தால் தைரியமாகக் கம்பியைத் தொடலாம். மனைவிக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. பிள்ளை வியர்த்து வழிவதுதான் தெரியும். அவன் வேலைக்குக் கிளம்பியதும் பழைய சாமான் பெட்டியிலிருந்து வேறொரு ப்யூஸை எடுத்து மாட்டுவாள். அவன் வருவதற்குள் பிடுங்கி ஒளித்துவிடுவாள். "அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று மகளிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள். பொய்க்குத் தண்டனை, தண்டனைக்குள் இன்னொரு பொய். நல்ல வளர்ப்பு, போங்கள்!

நான்காம் நாள் அவன் மதியமே வந்துவிட்டான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். பைக் சத்தம் கேட்டதும் மகள் ஃபேனை நிறுத்தினாள். ப்யூஸ் பெட்டி அவளுக்கு எட்டாது.

வந்தவனுக்கு மனசு கொஞ்சம் இளகித்தான் இருந்தது. அவள் அறையில் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த ப்ளக் பாயிண்டைச் சரிசெய்து தரலாம் என்று உட்கார்ந்தான். மற்ற வீடுகளில் டெஸ்டர் வைக்காமல் கம்பியைத் தொடமாட்டான். இங்கே எதற்கு? ப்யூஸ்தான் பையில் இருக்கிறதே.

மகள் கட்டிலில் இருந்தபடி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

மின்சாரம் அவனைத் தூக்கி எறிந்தது.

மனைவி வந்தபோது அவன் சுவரோரம் சரிந்து நடுங்கிக்கொண்டிருந்தான். விரல் நுனி கருகியிருந்தது.

"கொல்லப் பாத்தியாடி?"

"நீங்க பிடுங்காம இருந்திருந்தா நான் ஏன் மாட்டப்போறேன்?" என்று அவளும் கத்தினாள்.

அவன் மகள் பக்கம் திரும்பினான். "கரண்ட் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் வாயத் திறக்கல?"

"சொன்னா அம்மா மாட்டிக்குவாங்க. நீங்க இன்னொரு வாரம் தண்டனை குடுப்பீங்க."

"அதுக்கு? அப்பா செத்தாலும் பரவாயில்லையா?"

அவனும் மனைவியும் சண்டையை மறந்து அவள் வாயையே பார்த்தார்கள். 'இல்லப்பா' என்று ஒரு சொல் வந்தால் போதும் அவனுக்கு.

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.