வள்ளியம்மா டீச்சர் இன்று மாத்திரை எடுக்கவில்லை

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு, 'தொழில்நுட்பமும் தமிழர் பண்பாடும்' என்ற தலைப்பில் சிறுகதை கேட்டார்கள். தலைப்பைப் படித்ததுமே கொட்டாவி வந்தது. இருந்தாலும் சரி என்றேன். மறுத்தால் அடுத்த விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

முதல் தொடக்கம் இது: "பிரிக்பீல்ட்ஸின் மல்லிகை மணம் கமழும் மாலைப் பொழுதில்…"

(கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் மல்லிகை மணப்பதற்குள் பார்க்கிங் தேடுகிறவர்களின் ஹாரன் மணத்துவிடும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "தரவு என்பது இருபத்தோராம் நூற்றாண்டின்…"

(இந்த வாக்கியத்தை யார் முடித்தாலும் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். எனக்கு வேண்டாம்.)

அப்புறம்தான் தாமரை அகப்பட்டாள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ரசத்தை ஆறவிட்டுவிட்டு, தனக்கு நேர்ந்ததை முழுக்கச் சொன்னாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பெயர்களை மாற்று என்றாள். மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு நிபந்தனைகள் போட்டாள். அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

2.

தாமரை, பக்கத்து ஊரான கிள்ளான்காரி, முப்பது தாண்டியவள். அவளுடைய கண்கள் கரிய

(வேண்டாம். கண்களை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? கதைக்குத் தேவையில்லாத எதையும் ஒருவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தாமரையே எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். அவளுடைய தொழிலில் அது ஒரு கொள்கையாம். கொள்கை என்பதால் யாரும் கடைப்பிடிப்பதில்லையாம்.)

பிரிக்பீல்ட்சில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி. அங்கே 'மறவாதே' என்று ஒரு செயலி செய்தார்கள். நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்லி நினைவூட்டும். நீங்கள் போடாவிட்டால், உங்கள் 'அன்பு வட்டத்தில்' இருக்கிறவர்களுக்குச் சொல்லும். அவர்கள் உங்களை நச்சரிப்பார்கள். தமிழர்களுக்கு ஏற்ற கண்டுபிடிப்புதான்.

முதலாளி திருச்செல்வம். கோட்டுக்குள்ளே டீசட்டை போடுகிற ரகம். முதலீட்டாளர்களுக்குக் காட்டும் படக்காட்சியில் ஒரு பக்கம் முழுக்க ஒரு பூட்டு. கீழே, 'தனியுரிமை எங்கள் வடிவமைப்பிலேயே இருக்கிறது'. அந்தப் பூட்டு நீலமா பச்சையா என்று இரண்டு கூட்டம் நடந்தது. பூட்டு எதைப் பூட்டுகிறது என்பதற்குக் கூட்டம் நடக்கவில்லை.

தாமரை கேட்டுப் பார்த்தாள்.

"பாஸ், அன்பு வட்டம் ஆரம்பத்துல மூடியே இருக்கட்டும். வேணுங்கிறவங்க தொறந்துக்கட்டும்."

"யார் லா தொறப்பாங்க? தொறக்க மாட்டாங்க. அப்புறம் நாம எப்படி வளர்றது?"

"மாத்திரை பேரு கூடப் போகுது பாஸ். அதையாவது எடுத்துடலாம்."

"பேரு போனாத்தானே அக்கறை வரும்? 'மாத்திரை எடுக்கல'ன்னு மொட்டையா அனுப்பினா எவன் பதறுவான்?"

அவள் தோற்றாள். தோற்றவளே அந்தத் திரையையும் வரைந்தாள். 'உங்கள் அன்பானவர்களைச் சேர்க்கலாமா?' என்ற கேள்விக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக 'சேர்' என்று ஒரு பட்டன். அதற்கும் கீழே, எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவில் சாம்பல் நிறத்தில் 'பிறகு'. பச்சையை அமுக்கினால், உங்கள் போனில் எண் இருந்து, இந்தச் செயலியும் வைத்திருக்கிற அத்தனை பேரும் அன்பானவர்கள் ஆகிவிடுவார்கள். வீட்டுக்குக் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், கொண்டுவந்து போடுகிறவர் உட்பட.

கிள்ளானில் ஒரு கோயில் திருவிழாவில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, செயலியை இறக்கிக்கொண்டவர்களுக்கெல்லாம் இலவசக் குடை கொடுத்தார்கள். மழைக்காலம். ஊரே இறக்கிக்கொண்டது.

3.

வள்ளியம்மா, கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை. கணவர் தவறிப் போன பிறகு தூக்கம் போனது, சாப்பாடு போனது, காரணமில்லாமல் அழுகை வந்தது. டாக்டரைப் பார்த்தார். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை. அதைப் போட ஆரம்பித்த பிறகு பள்ளியை முன்னைவிட நன்றாகவே நடத்தினார். இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குடைக்காகச் செயலியை இறக்கியபோது எல்லாரையும் போல அவரும் பச்சையை அமுக்கியிருந்தார்.

(இதை எழுதலாமா என்று தயங்கினேன். வள்ளியம்மாவே தாமரையிடம் சொல்லி அனுப்பினாராம்: "என்னோடதை எழுதச் சொல்லு. ஏற்கெனவே ஊருக்கே தெரியும். மத்தவங்களோடதை எழுத வேணாம்." இதுதான் முதல் நிபந்தனை.)

பள்ளி விளையாட்டுப் போட்டி நாள். விடிந்ததிலிருந்து திடலில் ஓடியாடியதில் மாத்திரை மறந்துபோனது. நான்கு கூடாரம் நிறையப் பெற்றோர். அரைக்கிழவர்களின் கோணிச்சாக்கு ஓட்டம் தொடங்கப் போகிறது. அப்போது முதல் கூடாரத்தில் ஒரு போன் 'டிங்' என்றது. பக்கத்தில் இன்னொன்று. அப்படியே வரிசையாக, பின் வரிசை, அடுத்த கூடாரம். கூட்டமே குனிந்து படித்தது.

'வள்ளியம்மா டீச்சர் இன்று மாத்திரை எடுக்கவில்லை.' கீழே மாத்திரையின் பெயர். அதற்குக் கீழே, 'அன்போடு நினைவூட்டுங்கள்!' ஓர் இதயம்.

பெயரைப் பார்த்துவிட்டு என்ன மாத்திரை என்று தேடிப் பார்க்க எல்லாரிடமும் போன் இருந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பரமேஸ்வரன்தான் அன்றைக்கு அறிவிப்பாளர். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அக்கறை பொங்கியது. கையில் மைக் இருப்பது மறந்துபோனது.

"டீச்சர், மாத்திரை போட்டுட்டீங்களா?"

திடல் முழுக்கக் கேட்டது. கோணிச்சாக்குக்குள் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

4.

இரண்டு வாரத்தில் பேச்சு முற்றியது. "மனசு சரியில்லாதவங்க கையில பிள்ளைங்களை எப்படி விடறது?" சிறப்புக் கூட்டம் போட்டு, தலைமையாசிரியையை மாற்றச் சொல்லிக் கல்வி இலாகாவுக்கு மனுக் கொடுப்பது என்று ஏற்பாடு.

வள்ளியம்மா கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, நடந்து வந்து, சேலைக் கடை மாடி ஏறினார். திருச்செல்வம் குளிர்ந்த மைலோ கொடுத்தார்.

"இதை யார் செஞ்சது?" என்றார் டீச்சர்.

"சிஸ்டம் டீச்சர். ஆட்டோமெட்டிக்."

"சிஸ்டத்துக்குப் பேர் இல்லையா?"

தாமரை எழுந்து நின்றாள். வகுப்பில் பிடிபட்ட பிள்ளை மாதிரிதான் நின்றிருக்கிறாள். "அந்தப் பட்டனை வரைஞ்சது நான், டீச்சர்."

டீச்சர் அவளைப் பார்த்தார். திட்டவில்லை. "என் பேரை அழிச்சிடு."

தாமரை அழித்தாள். திரையிலிருந்து பெயர் மறைந்தது. "டீச்சர், பொய் சொல்ல மாட்டேன். இது அழிக்கல, மறைச்சுத்தான் வச்சிருக்கு. எல்லாமே இன்னும் உள்ளதான் இருக்கு."

"டீச்சருக்கு ஆயுசு முழுக்க பிரீமியம் சந்தா இலவசமாக் கொடுத்துடறோம்," என்றார் திருச்செல்வம்.

"ஆயுசு முழுக்க ஊருக்குச் சொல்லிக்கிட்டே இருப்பீங்களா?"

திருச்செல்வம் கடைசியாக ஒரு வழி சொன்னார். கூட்டத்துக்கு ஆள் அனுப்புகிறோம்; செயலியில் கோளாறு, வேறு யாருடைய மாத்திரையோ டீச்சர் பெயரில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம்; எல்லாம் சரியாகிவிடும். அது சரியாகியும் இருக்கும். ஆனால் டீச்சர் மைலோவைத் தள்ளி வைத்தார்.

"நான் மாத்திரை சாப்பிடறதை ஏன் மறைக்கணும்? அதைச் சொல்லணுமா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? இந்தப் பொண்ணு வரட்டும். நடந்ததை மட்டும் சொல்லட்டும்."

5.

இந்த இடத்தில் எனக்குத் தாமரை மேல் ஒரு சந்தேகம்.

கூட்டத்துக்கு முதல் நாள், அந்தச் செய்தி யார் யாருக்குப் போனது என்று பார்க்க அவள் கம்பெனிக் கணினியைத் திறந்தாள். நியாயம். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் பரமேஸ்வரன். அதுவும் நியாயம். பெயரைத் தொட்டாள். அவர் போடும் மாத்திரை என்னவென்று திரையில் வந்தது.

"தெரியாம கை பட்டுடுச்சு," என்றாள் என்னிடம்.

பட்டதா? எத்தனையோ பட்டன் வரைந்தவளுக்குக் கை தெரியாமல் படுமா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பளத்தோடு எழுந்து போயிருப்பாள், கதை பாதியில் நின்றிருக்கும். ஒன்று மட்டும் உறுதி: அது வெளியே தெரிந்தால் பரமேஸ்வரன் மறுநாள் கிள்ளானில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. (இல்லை, என்ன மாத்திரை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் ஊகிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊகிக்க வேண்டாம். இரண்டு பேர் ஊகித்தால் அதற்குப் பெயர் வதந்தி.)

6.

பள்ளி மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலிகள். பரமேஸ்வரன் கனிவாகவே தொடங்கினார்.

"தனிப்பட்ட முறையில டீச்சர் மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா பெத்தவங்களுக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கு. ஒளிவுமறைவு இருக்கக் கூடாது."

தாமரை எழுந்து, செயலி எப்படி எல்லாரையும் கேட்காமல் வட்டத்தில் சேர்த்தது என்று விளக்கினாள். யாரும் காது கொடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "அதெல்லாம் விடுமா. டீச்சர் அந்த மாத்திரை சாப்பிடறாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

டீச்சர் முன் வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார்.

முடிவு அ: தாமரை பரமேஸ்வரன் பக்கம் திரும்பி, "ஐயா, உங்க மாத்திரையைப் பத்தி முதல்ல பேசுவோமா?" என்கிறாள். பெயரையும் சொல்கிறாள். மண்டபம் இடிகிற மாதிரிச் சிரிப்பு. நீங்களும் கைதட்டுகிறீர்கள். (இந்தப் பத்தியை முழுசாக எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே சிறந்த பத்தி அது. அழித்துவிட்டேன். மறைக்கவில்லை, நிஜமாகவே அழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: தாமரை வாயடைத்து நிற்கிறாள். டீச்சரை எங்கோ ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆண்டு மலருக்குப் பொருத்தமான சோகம்.

நடந்தது வேறு. தாமரை கேட்டாள்: "இங்க யார் யார் அந்த இலவசக் குடை வாங்கினீங்க? கையைத் தூக்குங்களேன்."

இலவசம் என்றதும் பெருமையாகத் தூக்கினார்கள். பாதி மண்டபம். பரமேஸ்வரனும்.

"நீங்க எல்லாரும் என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியும்."

தூக்கிய கைகளுக்கு எப்படிக் கீழே இறங்குவது என்று தெரியவில்லை. அப்படியே நின்றன. பரமேஸ்வரனின் கை மட்டும் மெல்ல இறங்கி, மேசை மேலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தது.

"யாரோடதையும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியவே கூடாதுங்க. அதான் இங்க நடந்த தப்பு. டீச்சர் சாப்பிடறது தப்பு இல்ல."

பிறகு யாரோ, "அடுத்த விஷயத்துக்குப் போவோம் லா. அந்தக் கழிவறைக் குழாய் இன்னும் ஒழுகுது," என்றார்கள். அன்றைக்கு அந்தக் குழாயைப் பற்றி நடந்த மாதிரி ஒரு விவாதம் அந்தப் பள்ளியின் வரலாற்றில் நடந்ததில்லை. எல்லாருக்கும் குழாய் மேல் அப்படி ஓர் அக்கறை.

மனு கொடுக்கவில்லை.

7.

நீங்கள் இங்கே நிம்மதியாகக் கதையை மூடிவிடலாம். தாமரை மூட விடவில்லை.

கிள்ளானில் ஒரே வாரத்தில் பாதிப் பேர் செயலியைத் தூக்கி எறிந்தார்கள். திருச்செல்வம் தலையில் கை வைத்தார். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் தாமரை தான் நினைத்ததைச் செய்துகொண்டாள். வட்டம் மூடியே பிறக்கும். மாத்திரையின் பெயர் அவரவர் போனை விட்டு வெளியே வராது. கம்பெனியே எட்டிப் பார்த்தாலும் தெரியாது. அழி என்றால் அழியும்.

"அப்புறம் நமக்கு யூசரைப் பத்தி என்னதான் லா தெரியும்?" என்று திருச்செல்வம் கிட்டத்தட்ட அழுதார்.

"ஒண்ணும் தெரியாது பாஸ். அதைத்தானே பூட்டுப் படம் போட்டுச் சொல்லிக்கிட்டு இருந்தோம்."

இப்போது அவர் மேடை மேடையாக ஏறி, இது தன் கனவு என்று பேசி வருகிறார். தாமரை வேலையை உதறிவிட்டாள் என்று எழுத எனக்குக் கை ஊறியது. உதறவில்லை. "நான் போனா அடுத்து வர்றவன் அந்தப் பட்டனைப் பச்சையாக்கிடுவான்," என்கிறாள்.

வள்ளியம்மா இன்னும் தலைமையாசிரியைதான். ஆனால் பெற்றோர்கள் அவரிடம் இப்போது தணிந்த குரலில், ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள். அதை அழிக்கத் தாமரையிடம் பட்டன் இல்லை.

8.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கார்கள் நிற்கும் இடத்தில், டீச்சர் தாமரையின் கையைப் பிடித்து நிறுத்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று இவள் நினைத்தாள்.

"நீ என்னைக் காப்பாத்தல. அவங்களை மிரட்டின. ரெண்டும் வேறம்மா."

அதோடு டீச்சர் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். தாமரை அதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதை மட்டும் எழுதக் கூடாது," என்றாள். இரண்டாவது நிபந்தனை அதுதான். கெஞ்சிப் பார்த்தேன். அது இல்லாமல் கதைக்கு முடிவே இல்லை என்றேன். "அப்போ முடிவு இல்லாமலே இருக்கட்டும்," என்றாள்.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன்.

வள்ளியம்மா டீச்சர் சொன்னது: "                                        "

நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். என்ன எழுதினீர்கள் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். என்னிடமும்.