நான் நிமிர்த்திய ஸ்பேனர்

என் கணவர் இறந்த மூன்றாம் மாதம், நாத்தனார் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினாள். அண்ணனோடு பதினெட்டு வருடம் வண்டிக்கடியில் படுத்து வேலை செய்தவள். அவருடைய மெக்கானிக் பட்டறையை நடத்துவதா மூடுவதா என்று அன்றைக்குப் பார்த்து முடிவு செய்வாளாம். மூடினால் அவருடைய கருவிகள் மொத்தமும் காயலான் கடைக்குத்தான் போகும்.

பார்த்ததும் அவள் மனம் மாறட்டும் என்று ஐந்து நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு தேய்த்தேன். நான் நூலகத்தில் வேலை பார்த்தவள். ஒவ்வொரு இழுப்பறைக்கும் சீட்டு எழுதி, எண் போட்டு ஒட்டினேன். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று முழங்கை மாதிரி வளைந்து கிடந்தது. எந்த லாரி ஏறியதோ, பாவம். மேஜையோடு பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்கி, நுனியில் ஒரு குழாயை மாட்டி, ஒரு மதியம் முழுக்கத் தொங்கி நிமிர்த்திவிட்டேன்.

வியாழனன்று நாத்தனார் உள்ளே நுழைந்த கையோடு ரொட்டி வேன் ஒன்று இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. அவள் பானெட்டுக்குள் தலையை விட்டாள்.

"அண்ணி, அந்தக் கோணல் பதினாலு எங்க?"

"கோணல் எதுவும் இல்லம்மா. நேராக்கிட்டேன்."

"நேராக்கிட்டீங்களா?"

"சுலபமா வரல. ஆனா வந்துருச்சு."

அவள் அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். "இன்ஜினுக்குப் பின்னாடி ஒரு போல்ட்டு இருக்கு அண்ணி. நேரான ஸ்பேனர் அங்க போகாது. இந்த வேனுக்குன்னே அண்ணன் வளைச்சு வச்சது."

"என்னமோ ஆயிருச்சுன்னு நானும் நெனச்சேன்," என்றார் வேன்காரர். "உள்ள வந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சு."

போச்சு, நானே பட்டறையை மூடிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் எழுந்து ஸ்பேனரை மறுபடி வைஸில் இறுக்கினாள். முதல் வளைவு போல்ட்டை எட்டவில்லை. இரண்டாவது உள்ளே போய் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வேன்காரர் என் நாத்தனாரைப் பிடித்து இழுக்க, நாத்தனார் ஸ்பேனரைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக அது வெளியே வந்து மறுபடி வைஸுக்குப் போனது.

"அவர் எவ்வளவு வளைச்சாரு?" என்றேன்.

"யாருக்கு ஞாபகம் இருக்கு? வளைக்க ஆரம்பிச்சு முடிக்கிற வரைக்கும் திட்டினதுதான் ஞாபகம் இருக்கு."

"அப்ப அதையே சொல்லித் திட்டு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கன்னத்தை உப்பி, அவர் குரலில், அவர் மூச்சுவிடும் இடத்திலெல்லாம் மூச்சுவிட்டு, அச்சிலேற்ற முடியாத அந்த நீண்ட வசவைச் சொல்லிக்கொண்டே குழாயை இழுத்தாள். வசவு முடிந்ததும் கையை எடுத்தாள். அளவு கச்சிதம். போல்ட் முதல் திருப்பிலேயே அசைந்தது. வேன்காரர் காதைப் பொத்தியிருந்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேன் போனதும் நாத்தனார் என் சீட்டுகளைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்ற?"

"இப்படி அடுக்கி வச்சா, எங்க எது இருக்குன்னு தெரியாம எப்படி வேலை செய்யறது? காலைல எட்டு மணிக்குத் திறந்து வைங்க, வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க."