கயிற்றை விடும் இடம்

அந்த வீட்டில் புருஷன் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறான், பெண்சாதி மேலேயே போகப் பார்க்கிறாள், அடுப்பைப் பார்ப்பது யார் என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களேதான் சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பும் கொடுத்தனுப்புவார்கள்.

மேலே பார்ப்பவன் ரஞ்சித். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. பழவேற்காடு பஜாரில் ஆசிக்கின் கடையில் பழைய கேமரா ஒன்றை வாங்கிவைத்திருந்தான். நிலா இல்லாத நாட்களில் கடற்கரை மணலில் முக்காலியை ஊன்றி, அரை நிமிடத்துக்கு ஒரு படமாக விடியும்வரை எடுப்பான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் நட்சத்திரங்கள் நகர்ந்த வழியெல்லாம் வளைகோடுகளாகத் தெரியும். தெற்கு வானத்தைத் துறைமுக விளக்குகள் வெளுக்க வைத்துவிடுவதால், வடக்கும் கிழக்கும்தான் அவனுக்கு வானம்.

மேலே போகப் பார்ப்பவள் ஜமுனா. ரவிக்கையும் படகுக்குத் தார்ப்பாயும் தைப்பவள். ஒரு நாள் ஏரிமேல் கூழைக்கடாப் பறவை ஒன்று போவதைப் பார்த்தாள். ஒரு முறைகூடச் சிறகை அடிக்கவில்லை. ஆனாலும் விழவில்லை. ஏன் விழவில்லை என்ற கேள்வி அவளைவிட்டுப் போகவேயில்லை. செல்போனில் நூறு வீடியோ பார்த்தாள். சென்னையிலிருந்து குடைத் துணி வரவழைத்தாள். பழைய இரும்புக் கடையிலிருந்து அலுமினியக் குழாய் வாங்கினாள். இரண்டு வருடத்தில் வாசல் கொள்ளாத அளவுக்குக் கறுப்பாக ஒரு இறக்கை உருவாகிவிட்டது. எஞ்சின் இல்லாத கிளைடர். நடுவில் பிடித்துக்கொள்ள முக்கோணக் கம்பி, தொங்குவதற்கு அவளே தைத்த நாடாக் கச்சை.

குதிப்பதற்கு இங்கே மலை கிடையாது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே தட்டையான மணல்தான். கயிறு கட்டி இழுத்தால்தான் கிளைடர் எழும்பும். கயிறு இழுக்க ஆளா இல்லை? சுப்பனின் கரைவலைக் கூட்டம் இருந்தது. கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையைப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் கயிறு பிடித்துக் கரைக்கு இழுப்பார்கள். சுப்பன் ரஞ்சித்துக்குத் தாய்மாமன்.

"வலைக்குப் பதிலா ஒரு பொம்பளைய இஸ்துக்கினு போவணும், அவ்ளோதான?" என்றார் சுப்பன். "எறாவ விடக் கனமா இருப்பியா?"

"நாப்பத்தாறு கிலோ மாமா."

"ஒரு நல்ல திருக்கை மீனு."

தை, மாசியில் விடியற்காலை ஏரிப்பக்கமிருந்து கடலுக்குக் காற்று வீசும். அந்தக் காற்றை எதிர்த்துத்தான் கிளைடர் எழும்ப வேண்டும். அலை ஓரத்தில் ஏரியைப் பார்த்து ஜமுனா நிற்பாள். கயிற்றோடு ஆட்கள் அவளுக்கு முன்னால் ஏரியை நோக்கி ஓடுவார்கள். வலை இழுக்கும் அதே வழி. கயிற்று நுனியில் ஒரு வளையம், அது கிளைடரின் மூக்கில் உள்ள கொக்கியில் மாட்டியிருக்கும். போதிய உயரம் வந்ததும் கயிற்றை விட்டுவிட்டால் வளையம் தானே கழன்று விழும். அதன்பின் அவளும் காற்றும்தான்.

தை இரண்டாம் வெள்ளி. சுப்பன் மணலில் கற்பூரம் ஏற்றினார். "கங்கையம்மாவ நெனச்சுக்கோ" என்றார். பன்னிரண்டு பேரும் ஓடினார்கள். ஜமுனாவும் ஓடினாள். எட்டாவது அடியில் காலுக்குக் கீழே மணல் இல்லை. ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம்.

"வுடுங்க! கயித்த வுடுங்க!" என்று ஓரத்திலிருந்து கத்தினான் ரஞ்சித்.

ஒருவரும் விடவில்லை. பன்னிரண்டு பேரும் குதிகாலை மணலில் புதைத்து, இன்னும் பலமாக இழுத்தார்கள். கிளைடர் மூக்குக் கவிழ்ந்தது.

ஜமுனாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. ஒரு குழாய் வளைந்தது. மற்றபடி, சுப்பனின் மனைவி முனியம்மாள் சொன்னதுபோல, சாமி புண்ணியம்.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து குப்பம் முழுக்க ஒரே கேள்விதான். ஏன் விடவில்லை? குடிகாரர்கள் இல்லை, பொறாமைக்காரர்கள் இல்லை, காதும் நன்றாகத்தான் கேட்கும்.

"காதுல வுழுந்துச்சி" என்றார் சுப்பன், தன் கைகளைப் பார்த்துக்கொண்டே. "கைக்குக் கேக்கல. முப்பது வருசமா கயிறு கனத்தா மீனு வருதுன்னு இறுக்கித்தான் புடிச்சிக்கினு இருக்கோம். நீ மேல போனதும் கயிறு கனத்துச்சி. அவ்ளோதான்."

இனிக் கயிற்றையே தொடமாட்டேன் என்று அம்மன் கோயில் வாசலில் சத்தியம் செய்தார். கிளைடர் கயிற்றை மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வலைக் கயிற்றையும் விட்டுவிட்டார். வரிசையின் தலைப்பில், அலைக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். இப்போது படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமுனா அந்தப் பக்கம் வந்தால் எழுந்து போய்விடுவார்.

ஆனால் தினமும் காலையில் முனியம்மாள் ஒரு தூக்குவாளியில் நண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். ஒரு கையால் சாப்பிட வசதியாக ஒவ்வொரு நண்டுக்காலும் முன்பே உடைக்கப்பட்டிருந்தது. ஓட்டுத் தூள் ஒன்றுகூட இருக்காது.

"எதுக்கு அத்த இவ்ளோ கஷ்டப்பட்டு?"

"நானா? எனக்கு இன்னா வேற வேல இல்லையா? அவர்தான் ஒக்காந்து ஒவ்வொண்ணா ஒடைக்கறாரு. சொல்லாதன்னாரு. சொல்லிட்டேன், போ."

அன்று ஜமுனா ஒவ்வொரு நண்டுக்காலையும் தூக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டாள். செய்வதை மறைத்துச் செய்யும் அன்பு ஒன்று உண்டு. அதைப் பெற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழி தெரியாத தவிப்பும் வரும்.

ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். வளைந்த குழாய்க்கு மாற்றும் போட்டாகிவிட்டது. மாசி முடியப் பத்து நாள்தான் பாக்கி. அதற்குப் பிறகு அந்த விடியற்காற்று இராது. வேறு ஆட்களைக் கூப்பிடலாமே என்றான் ரஞ்சித்.

"வேணாம். என் கை கூடிடுச்சு. மாமா கைதான் இன்னும் கூடல. அவரு இஸ்தாத்தான் நான் போவேன், இல்லன்னா இந்தத் துணிய அறுத்துக் குடையா தைச்சிடுறேன்."

"கத்துனா கேக்காதுன்றாரே. அதுக்கு இன்னா பண்ணுவ?"

ஜமுனா பாதி தைத்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதில் வேறு வழியாக வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் ரஞ்சித் கெட்டுப்போன படங்களை அழித்துக்கொண்டிருந்தான். மார்கழியில் எடுத்தது ஒன்று. மேலே நட்சத்திரக் கோடுகள் அழகாக வளைந்திருந்தன. கீழே மட்டும் ஒரே வெளிச்சக் கிறுக்கல்.

"விடியறதுக்கு முன்ன மாமா ஆளுங்க தலையில டார்ச்சு கட்டிக்கினு வலை இஸ்தாங்க. படம் போச்சு."

"அழிக்காத, இரு." ஜமுனா தையலை வைத்துவிட்டு வந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். "இது கிறுக்கல் இல்லய்யா. சங்கிலித் தையல் மாதிரி இருக்குது பாரு. ஒரு கண்ணி, அடுத்த கண்ணி."

உண்மைதான். ஒவ்வொரு டார்ச்சு வெளிச்சமும் அலை ஓரத்திலிருந்து மேட்டுக்குத் தடித்த கோடாக, மெதுவாக ஏறியிருந்தது. பிறகு மெல்லிய கோடாக, வேகமாகத் தண்ணீருக்கே திரும்பியிருந்தது. மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். எல்லாக் கண்ணிகளும் ஒரே இடத்தில் திரும்பின.

"இந்த எடத்துல இன்னா இருக்குது?"

ரஞ்சித் யோசித்தான். "கயிறு சுத்திப் போடற எடம். குச்சி நட்டிருப்பாங்க. இஸ்துக்கினே அங்க வந்தவன் கயித்த வுட்டுட்டு, தண்ணிகிட்ட திரும்பிப் போய் மறுபடி புடிப்பான்..." பேச்சை நிறுத்தினான்.

"வுடுறாங்க!" என்றாள் ஜமுனா. "யாரும் சொல்லாமயே வுடுறாங்கய்யா!"

செல்போனை எடுத்துக்கொண்டு படகு நிழலுக்கு ஓடினாள். சுப்பன் எழுந்தார்.

"எழுந்து போனா பின்னாலயே வருவேன் மாமா. இத ஒருவாட்டி பாரு, அப்புறம் எங்க வேணா போ."

பார்த்தார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தார். பிறகு போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல நான் யாரு?"

"இதோ, செவப்பா ஒரு புள்ளி தெரியுது பாரு. நடுவுல நின்னு பீடி பத்த வெச்சிருக்க."

"அடப்பாவி, அதுகூட வுழுந்துருக்கே." சிரிப்பு வந்து உதட்டோரம் நின்றது.

"குச்சிகிட்ட வந்ததும் உன் கை தானா வுடுது மாமா. நாளைக்கும் குச்சி நடுவோம். யாரும் கத்த வேணாம். வலை இஸ்கற மாதிரியே வரிசையா வந்து, ஒவ்வொருத்தரா வுட்டுட்டுத் திரும்பி நடங்க. கடைசி ஆளு நீ."

"வுடலன்னா?"

"மறுபடி நண்டு ஒடச்சிக் குடு."

சுப்பன், தன் மனைவி இருக்கும் திசையை முறைத்தார். "சொல்லிட்டாளா?" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். "அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேனே."

"தொடமாட்டேன்னுதான பண்ண? வுடறதுக்கு வா."

அந்தச் சமாதானத்தை அம்மன் ஏற்றுக்கொண்டிருப்பாள் என்றே தோன்றுகிறது. பெற்றவள் பிள்ளையின் சொல்லை எடைபோடமாட்டாள், கண்ணைத்தான் பார்ப்பாள். அன்று சாயங்காலம் சுப்பன் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விடியலில் காற்று ஏரியின் சேற்று வாசனையோடு வந்தது. கூட்டத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல். கேமராவை மணலில் வைத்துவிட்டு ரஞ்சித் அந்த இடத்தில் போய் நின்றான். ஏரிப்பக்கம் குச்சி நட்டிருந்தது.

ஓடினார்கள். ஜமுனாவின் கால் மணலை விட்டது. ஆள் உயரம். இரண்டு ஆள் உயரம். கயிறு கனத்தது. குதிகால்கள் மணலில் புதையப் பார்த்தன. ஆனால் வரிசையின் முன்னால் ஓடியவன் குச்சியைத் தாண்டிவிட்டான். அவன் கை தானாகத் திறந்தது. உடம்பு திரும்பியது. கடலைப் பார்த்து நடந்தான். அடுத்தவன். அதற்கடுத்தவன். ஒவ்வொருவராகக் குறையக் குறைய, கிளைடர் வெடுக்கென்று இழுபடாமல் படியேறுவதுபோல் உயர்ந்தது. பதினோராவதாக ரஞ்சித் விட்டான்.

கடைசியில் கயிறு ஒரே ஒரு மனிதரிடம் இருந்தது. சுப்பன் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார். குச்சி வந்தது.

வளையம் மணலில் விழுந்து மெல்ல ஒலித்தது.

பன்னிரண்டு பேரும் பழக்கத்தில் கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே துணி படபடக்கும் சத்தம் கேட்டுத்தான் நின்றார்கள். ஒரு பனை உயரம் இருக்கும். இறக்கை அசையாமல், விழாமல், கறுப்பாக அவர்களைத் தாண்டி ஏரிப்பக்கம் போனது.

சுப்பன் மேலே பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜமுனா ஏரியில் முழங்கால் ஆழத்தில் இறங்கினாள். அங்கே கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரே கூச்சல்.

"எறா எல்லாம் ஓடிப்போச்சேடி! வானத்துலேர்ந்து வர நேரமா இது?" என்று திட்டிக்கொண்டே, அவள் கச்சையை அவிழ்த்து, ஆளுக்கொரு பக்கம் இறக்கையைத் தூக்கிக் கரைசேர்த்தவர்களும் அவர்கள்தான்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். "இன்னா தெரிஞ்சுது? இன்னா தெரிஞ்சுது?"

ஜமுனாவுக்கு மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கடலும் ஏரியும் ஒண்ணா தெரிஞ்சுது. நாம இருக்கிற மணலு சேலைக் கரை அகலம்கூட இல்ல. அதுமேலதான் இத்தன வீடு, இத்தன சண்ட." பிறகு சுப்பனைப் பார்த்தாள். "உங்க தலைங்க எல்லாம் தெரிஞ்சுது. மாமா, உனக்கு நடு மண்டையில ஒரு முடிகூட இல்ல."

சுப்பன் அவசரமாகத் தலையைத் தடவிப் பார்த்தார். முனியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படம் எடுத்தியாடா?" என்று ரஞ்சித்தைக் கேட்டார் சுப்பன், பேச்சை மாற்ற.

"எங்க மாமா? கயிறு புடிச்சிக்கினு இருந்தேனே."

"நல்லதாப் போச்சு." துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார் சுப்பன். "வாங்க, வாங்க. வெயில் ஏறுது, கடல்ல வலை கெடக்குது."

பன்னிரண்டு பேரும் மேட்டைத் தாண்டி நடந்தார்கள். அலை ஓரத்தில், வரிசையின் தலைப்பில், முதலில் கயிற்றைப் பிடித்தவர் அவர்தான்.